வெயிலில் காயவைத்த பீங்கான்கள்

எனக்குப் படம் கீறத் தெரியாது. வகுப்பில் கரும்பலகையில் ஒரு பசுவைக் கீறினால் பிள்ளைகள் அதை நாய் என்பார்கள். சிலவேளை கதிரை என்பார்கள். அப்படிப்பட்ட நான் சனிக்கிழமை தவறாமல் உட்கார்ந்து வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் நீல இலை கீறிக்கொண்டிருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? அந்தப் படம் கீறும் வகுப்புக்கு வந்த மற்றப் பெண்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அது ஒரு கலியாணத் தரகரின் வாயால் வந்த வினை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம். கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நாங்கள் மூன்று பெண்கள் குடியிருந்தோம்: அம்மா, நான், தங்கச்சி. அப்பா காலமாகிச் சில வருஷமாகியிருந்தது. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் உத்தியோகத்தில்தான் வீடு ஓடியது. வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. என் சாதகத்தில் செவ்வாய் இருக்கக்கூடாத இடத்தில் போய்க் குந்திக்கொண்டிருந்தது. அதற்கு ஏற்ற சாதகம் கிடைக்கவில்லை என்று சொல்ல அம்மாவுக்கு வெட்கம். ஆகவே, "மூத்தவளுக்குக் கலியாணத்திலை விருப்பமில்லை, படிப்பிக்கிறதுதான் அவளுக்கு உயிர்" என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கு விருப்பமில்லை என்ற சங்கதி மற்றவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியவந்தது.

தங்கச்சி நல்ல வடிவு. சிரித்தால் வீடே சிரிக்கும். ஆனால் சோம்பல் என்றால் அப்படியொரு சோம்பல். இரண்டு பகுதியார் அவளைப் பெண் பார்க்க வந்து, பலகாரம் சாப்பிட்டு, "பிறகு சொல்லி அனுப்புறம்" என்று எழும்பிப் போய், சொல்லி அனுப்பாமலே விட்டிருந்தார்கள். மூன்றாவதாக வந்தது ஹெந்தளைச் சம்பந்தம். மாப்பிள்ளை துறைமுகக் கந்தோரில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் தரகர் அவரைத் தூரத்திலிருந்து காட்டினார். அன்றிலிருந்து இவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"அக்கா, இந்த முறையும் சரிவராட்டி நான் இனி ஒருத்தருக்கு முன்னாலையும் தட்டோடை வந்து நிக்கமாட்டன்" என்றாள் ஒருநாள், நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது. சிரிக்காமல் சொன்னாள். அவள் சிரிக்காமல் ஒன்றைச் சொன்னால் அது பகிடியில்லை.

மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரே ஒரு மனக்குறை. அவருடைய தமக்கையின் மருமகள் வயலின் வாசிப்பாள். போகிற வருகிற இடமெல்லாம் தமக்கை அந்த வயலினைப் பற்றியே கதைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? தனக்கு வரும் மருமகளுக்கும் ஒரு திறமை இருக்கவேண்டும், அது வயலினாக இருக்கக்கூடாது, இதுதான் அந்த மனிசியின் நிபந்தனை. எங்கள் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தரகரின் கண் சுற்றிச் சுழன்று கண்ணாடி அலுமாரியில் விழுந்தது. அதற்குள் அப்பா எப்போதோ வாங்கிய நீலப்பூப் போட்ட பீங்கான் ஒன்று நின்றது. அந்தாள் நேரே ஹெந்தளைக்குப் போய், "பிள்ளை பீங்கானிலை படம் கீறும்" என்று சொல்லிவிட்டு, அதை எங்களுக்கும் வந்து சொன்னார்.

"ஏன் உப்பிடிப் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"பொய்யை மெய்யாக்கிறது உங்கடை கையிலை இருக்கு. அவை வர இன்னும் ரெண்டு மூண்டு மாசமிருக்கு" என்றார், பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா அசையவில்லை. "பழகினாப் போச்சு, அதிலை என்ன?" என்றார்.

கேட்டுப் பார்த்ததில், என் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவிலேயே ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கி நோனா தன் வீட்டில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அதைப் பழக்குகிறா என்று தெரிந்தது. என் கெட்ட காலம்! வாரத்தில் ஐந்து நாள் வெள்ளவத்தையில் ரயிலேறி, கோட்டையில் இறங்கி, புறக்கோட்டையில் பஸ்ஸுக்கு இடிபட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போகிற நான், ஆறாம் நாளும் தங்கச்சியை இழுத்துக்கொண்டு போனேன்.

நோனாவின் மேசையில் எட்டுப் பத்துப் பெண்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடித் துண்டு, ஒரு மழுங்கல் கத்தி. நிறம் சீமையிலிருந்து சின்னக் குப்பிகளில் மாவாக வரும். அதைக் கண்ணாடியில் கொட்டி, கற்பூரத் தைலமும் கராம்பெண்ணெயும் விட்டு, கட்டியில்லாமல் குழைக்கவேண்டும். கராம்பெண்ணெய் எங்கள் வீட்டில் பல்லு வலிக்குப் பூசுகிற அதே எண்ணெய்தான். அந்த இரண்டு மணமும் கலந்து எழும்பியபோது தங்கச்சியின் முகம் வெளிறியது. முதல் நாள் தலையிடி என்று யன்னலோரம் போய் இருந்தாள். அடுத்த கிழமை, வீடு திரும்பும்போது பஸ்ஸில், பக்கத்தில் இருந்த ஒரு முதலாளியின் வெள்ளைச் சாரத்தில் சத்தியெடுத்தாள். அதோடு அவளுடைய படிப்பு முடிந்தது.

"சரி, நீ பழகி வந்து அவளுக்குக் காட்டிக் குடு" என்றார் அம்மா.

காட்டிக் கொடுத்தேன். குசினி மேசையில் அவளை இருத்தி, கையில் பிரஷைக் கொடுத்து, ஒரு கோடு இழு பார்ப்போம் என்றேன். இழுத்தாள். திரும்பி விளக்கைத் தூண்டிவிட்டுப் பார்த்தால் கன்னத்தில் கை கொடுத்துத் தூங்குகிறாள்! கன்னமெல்லாம் நீலம். அடிக்கவா முடியும்?

எனக்கு மட்டும் வந்துவிட்டதா என்ன? நோனாவிடம் இருந்த மாதிரிப் படங்கள் எல்லாம் இங்கிலீஸ் ரோசாப்பூக்கள். இதழுக்கு மேல் இதழாக, ஒவ்வொன்றும் ஓரத்தில் இருட்டி நடுவில் வெளுத்து வரவேண்டும். பீங்கான் வழுக்கும். கடுதாசியில் போட்ட கோடு போட்ட இடத்தில் இருக்கும்; பீங்கானில் போட்ட கோடு வழிந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அதைத் திருத்த மேலே ஒரு தரம் தடவினால் அடியில் இருந்ததும் சேர்ந்து உரிந்து வரும். வேர்வைத் துளி விழுந்தால் பொட்டு. தலைமயிர் விழுந்தால் கீறல். கொட்டாஞ்சேனைத் தூசி விழுந்தால் அம்மை வந்த முகம். நாலு சனிக்கிழமை மாய்ந்து ஒரு ரோசாவைக் கீறி முடித்தேன். நோனா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தா.

"அனே, சைல்ட்! இது என்ன, கோவாவா?"

மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் பார்த்தேன். கோவாதான், இலை சுருண்ட முட்டைக்கோஸ். சந்தையில் வாங்கலாம் போலிருந்தது. துணியை எடுத்து ஒரே துடை. அதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம்: சூளையில் வைக்கும்வரை எதையும் துடைத்துவிடலாம். துடைத்துத் துடைத்தே என் பீங்கான் மற்றவர்களுடையதைவிடப் பளபளப்பாக இருந்தது.

அன்றைக்குக் கோபத்தில் பிரஷை நிறத்தில் தோய்த்துப் பீங்கானில் ஒரு குத்துக் குத்தினேன். எடுத்துப் பார்த்தால் ஒரு இலை. நுனி வட்டமாக, காம்புப் பக்கம் சிறுத்து, அச்சு முருங்கையிலை! இன்னொன்று குத்தினேன். இன்னொன்று. வரிசையாகக் குத்தி நடுவே ஒரு ஈர்க்கு இழுத்ததும் முருங்கை இணுக்கு ஒன்று பீங்கானில் கிடந்தது. காலமெல்லாம் கீரைச் சுண்டலுக்கு உருவி உருவி அலுத்துப்போன இலை. என் கைக்கு அதுதான் வந்தது. நோனா, "ஃபேர்ன்! வெரி நைஸ்" என்றா. முருங்கை என்று விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இருக்கவில்லை. ஃபேர்ன் என்றால் ஃபேர்ன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அப்படியே ஆறு பீங்கான். ஜப்பானிலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் குவிந்து கிடந்த மலிந்த வெள்ளைப் பீங்கான்கள்தான். ஓரத்தைச் சுற்றி நீல முருங்கையிலை. கீறி முடித்தேன், இனிச் சூளையில் வைத்துச் சுட்டால் நிறம் பீங்கானுக்குள் இறங்கிவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது. ஆனால் நோனா பின்வளவில் இருந்த சூளையை அது நிறைந்தால்தான் மூட்டுவா. "ஆறு பிளேட்டுக்கு நெருப்பு வைக்க எனக்கு என்ன பைத்தியமா, சைல்ட்? கிறிஸ்மஸுக்குப் பிறகு பாப்போம்."

அதே கிழமை தரகர் ஓடிவந்தார். மார்கழி பிறக்கப்போகிறதாம், மார்கழியில் பெண் பார்க்கக்கூடாதாம், தைவரை பொறுத்தால் தமக்கைக்காரி வேறொரு இடத்தைக் காட்டிக் குழப்பிவிடுவாவாம். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமையே வருகிறார்களாம்.

நான் சுடாத பீங்கான்களைப் பழைய பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றி, மடியில் வைத்து, மூச்சுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "அம்மா, இதுகளை அலுமாரிக்குள்ளை வைப்பம். அவை கண்ணாடிக்குள்ளாலை பாக்கட்டும். ஆரும் தொடக்கூடாது. சுடாத நிறம், தொட்டாக் கையிலை வரும்" என்றேன். அம்மா தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தமில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், பின்முற்றத்துப் பாயில், ஒரு பக்கம் மோர்மிளகாய், ஒரு பக்கம் வடகம், நடுவில் என் ஆறு பீங்கான்! காகத்தை விரட்டக் குடைக்கம்பி வேறு.

"என்ன கண்றாவி இது?"

"ஏன் கத்துறாய்? மோர்மிளகாயே மூண்டு வெயிலிலை கல்லு மாதிரிக் காயுது. இது காயாதோ? அந்தப் பறங்கிச்சியின்ரை கண்டறியாத சூளை! சூரியனை விடப் பெரிய சூளை எங்கையடி இருக்கு?"

கராம்பெண்ணெய் சேர்ந்த நிறம் வெயிலுக்குக் காயாது, மேலே தோல் பிடிக்குமே தவிர உள்ளே ஈரமாகத்தான் இருக்கும் என்று தலைகீழாக நின்று சொன்னேன். அம்மா ஒரு பீங்கானை நகத்தால் தட்டி, "நல்லாக் காஞ்சிட்டுது" என்றார். மனிசர் வாழ்கிற வீடா இது?

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், தகப்பன், தரகர். எனக்குக் குசினியில் இடம். மூத்தவள் முன்னால் நின்றால் கேள்வி வரும் என்பது அம்மாவின் பயம். நான் கதவுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தங்கச்சி தேத்தண்ணீர்த் தட்டோடு போனாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார், அவள் குனிந்தாள், பிறகு அவளும் நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எல்லா எரிச்சலும் போய்விட்டது.

தாய் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உதுதானோ பிள்ளை கீறினது? என்ன இலை உது?"

தங்கச்சி விழித்தாள். "அது... இங்கிலீஸ் இலை" என்று அம்மா இடையில் விழுந்தார்.

"அதிலையே பலகாரத்தைத் தாங்கோவன், பாப்பம்" என்றார் தாய்.

அம்மா முகம் மாறாமல் அலுமாரியைத் திறந்து ஆறு பீங்கானையும் அள்ளிக்கொண்டு குசினிக்குள் வந்தார். நான் கையைப் பிடித்தேன். "வேண்டாம், அம்மா. தோலோடை வாழைப்பழத்தை வச்சுக் குடுப்பம். வாழைப்பழம் மட்டும்."

"பொம்பிளை பாக்க வந்தவைக்கு வெறும் வாழைப்பழமோ? விசர்க் கதை கதையாதை. அதுதான் வெயிலிலை வச்சதே!" என்று சொல்லிக்கொண்டே, நெய் ஒழுகும் சுடச்சுடக் கேசரியை ஆறு பீங்கானிலும் அகப்பையால் அள்ளிப் போட்டார்.

நான் மறுபடி திரைக்குப் பின்னால் ஓடினேன். தாய் முதல் வாய் வைத்தார். மென்றார். "கராம்பு போட்டிருக்கோ? நல்ல வாசம்" என்றார். தகப்பனும் ஓம் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டாம் வாய். மூன்றாம் வாய். பிறகு தாய் தன் விரல்களைப் பார்த்தார். அவற்றின் நுனியெல்லாம் நீலம். உதட்டில் நீலம். தகப்பனின் மீசை நுனியில் நீலம். கேசரிக்குள் என் முருங்கையிலை நெய்யில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா சிலையாக நின்றார். தரகர் வாசலைப் பார்த்தார், ஓடுவதற்கு எவ்வளவு தூரம் என்று. தங்கச்சி தட்டால் முகத்தை மறைத்தாள். முடிந்தது, நாசமாகப் போயிற்று, இவளை இனி ஒருவருக்கு முன்னாலும் கொண்டுவந்து நிறுத்த முடியாது என்று நினைத்தேன். அம்மாவின் கழுத்தை நெரிக்கவேண்டும் போலிருந்தது.

தாய் விரலை விரலோடு தேய்த்தார். மணந்து பார்த்தார். பிறகு தரகர் பக்கம் திரும்பினார்.

"நான் ஒரு சந்தேகத்தோடைதான் வந்தனான்" என்றார். "போன இடமொண்டிலை கடையிலை வாங்கின தையல் வேலையைக் காட்டி, பிள்ளை தைச்சது எண்டவை. உதும் கடைச் சாமானாக்கும் எண்டுதான் சாப்பாட்டைப் போடச் சொன்னனான். கடைச் சாமான் எண்டா நிறம் இப்பிடிக் கையிலை வருமோ? இது பிள்ளை தன்ரை கையாலை கீறினதுதான்."

உதட்டு நீலத்தோடு அவர் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். அம்மா, "நேற்றைக்குத்தான் கீறி முடிச்சவள்" என்று ஒரு பொய்யை அதன்மேல் ஏற்றிவைத்தார். சம்பந்தம் அங்கேயே முற்றாயிற்று.

அவர்கள் போன பிறகு குசினியில் நான்தான் பீங்கான்களைக் கழுவினேன். குழாய்த் தண்ணீர் பட்டதும் மிச்சமிருந்த இலைகளும் போய்விட்டன. தேய்க்கத் தேங்காய்த் தும்பும் தேவைப்படவில்லை. ஆறும் கடையில் வாங்கின அன்றைப்போல் வெள்ளையாகி நின்றன. தங்கச்சி பின்னால் வந்து என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. "இனி என்னக்கா செய்யிறது? அவை என்னைக் கீறச் சொல்லுவினமே" என்றாள். அதற்குத்தான் அந்தக் கட்டிப்பிடிப்பு என்று எனக்குத் தெரியாதா?

"நான் கீறித் தாறன்" என்றேன். வேறென்ன சொல்ல?

தையில் கலியாணம் நடந்தது. ஹெந்தளையிலிருந்து அவள் சனிக்கிழமைகளில் "வகுப்புக்கு" என்று புறப்பட்டுக் கொட்டாஞ்சேனைக்கு வருவாள். நோனா வீட்டு யன்னலோரம் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருந்து, எனக்குப் புகுந்த வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவாள். நான் கீறுவேன். இப்போது சுட்டு, சீராக. முருங்கையிலையோடு முருங்கைப்பூவும் வந்தது. பூவுக்கு நிறம் கிடையாது. அந்த இடத்தைக் கீறாமல் விட்டு, சுற்றிவர நீலத்தைப் பூசவேண்டும். அது பிடிபட எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. எத்தனை தரம் பிரஷை எறிந்திருப்பேன்! பிடிபட்ட முதற் பீங்கானைத் தங்கச்சி கையில் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. ஆனாலும் கொடுத்தேன்.

தங்கச்சி முதற்பிள்ளைக்கு முழுகாமல் இருந்தபோது, அம்மா சுட்ட பலகாரங்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெந்தளைக்குப் போனேன். அன்றைக்கு அவளுடைய மாமியின் தமக்கையும் வந்திருந்தார், அந்த வயலின்காரியின் மாமி. விறாந்தைச் சுவரில், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடத்தில், அந்த முருங்கைப்பூப் பீங்கான் கம்பி கட்டித் தொங்கியது. அதற்குக் கீழேதான் எனக்குக் கதிரை போட்டார்கள்.

"பாத்தீரே உம்மடை தங்கச்சியின்ரை கைவேலையை?" என்று மாமி என்னிடம் சொன்னார், தமக்கைக்குக் கேட்கவேண்டும் என்று சத்தமாக. பிறகு என் கழுத்தைப் பார்த்தார், வெறுங்கழுத்தை. குரலைத் தணித்தார். "நீரும் அந்த வயசிலை உப்பிடி ஒண்டைப் பழகியிருந்தா, ஆரும் ஒருத்தர் வந்து கேட்டிருப்பினம், பிள்ளை. வெறும் படிப்பு இருந்து என்ன?"

குத்திக் காட்டச் சொல்லவில்லை அந்த மனிசி. உண்மையாகவே எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். எனக்குக் காது சுட்டது. எழும்பி அந்தப் பீங்கானைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தேன். கோப்பைத் தட்டோடு கதவடியில் நின்றாள். அவள் உண்மையைச் சொல்லக்கூடாது. தமக்கைக்கு முன்னால் சொன்னால் அந்த வீட்டில் அவளுடைய கதி என்னவாகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல அவள் ஒருமுறை வாயெடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாயெடுத்தால் போதும், நானே தடுத்திருப்பேன். அவள் குனிந்து மேசையில் கோப்பைகளை அடுக்கினாள்.

"ஓம் மாமி" என்றேன். "எனக்கு உதெல்லாம் வராது. பொறுமை காணாது."

"அது பாக்கவே தெரியுது" என்று மாமி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

புறப்படும்போது தங்கச்சி படலைவரை வந்தாள். அவள் கையில் பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்று, உள்ளே கீறாத வெள்ளைப் பீங்கான்கள். தமக்கைக்காரியும் இரண்டு பீங்கான் கேட்டாவாம்.

"அக்கா, கோவமோ?" என்றாள்.

"கோவம்தான்" என்றேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.